நடுச் சந்தியை அழித்துப் பார்த்தேன்

அன்பு மகளுக்கு,

போன ஞாயிறு போனில், "அம்மா, நான் செய்யிற கணக்கு வீட்டில ஆருக்கும் விளங்காது, விடுங்கோ" என்று சொன்னாய். விட மனம் வரவில்லை. முப்பது வருடம் இணைந்த கணிதம் படிப்பித்தவள் நான். என் பிள்ளை இரவு பகலாக எதோடு கிடக்கிறாள் என்று தெரியாமல் இருக்க ஏலுமா? திசை வரைபுகளின் (புள்ளிகளை அம்புகளால் இணைத்த படங்களின்) ஹோமோலஜி, அதாவது அவற்றின் ஓட்டைகளைக் கணக்கிடும் முறை பற்றி நீ அனுப்பிய பக்கங்களை அச்செடுத்து, ஒரு கிழமை கொப்பியும் பென்சிலுமாக இருந்தேன்.

எல்லைக் கணக்கு முதல் நாளே பிடிபட்டது. ஒரு பாதையில் புள்ளிகளை ஒவ்வொன்றாக அழித்து, மிஞ்சுவதைக் கூட்டல், கழித்தல் என்று குறி மாற்றி எழுத வேண்டும். க-ச-ட என்ற பாதைக்கு எல்லை: சட − கட + கச. ஆனால் 'க'விலிருந்து 'ட'வுக்கு நேரே அம்பு இல்லையென்றால்? அப்படி இல்லாத வீதியைக் கொண்டுவரும் பாதை தனியே கணக்கில் சேராது என்கிறார்கள். அங்கே இரண்டு நாள் நின்றுவிட்டேன்.

அப்புறம் நம்முடைய கொழும்பு வீதிகளையே வரைந்தேன். பம்பலப்பிட்டியிலிருந்து காலி வீதியால் கொள்ளுப்பிட்டிக்குப் போய், குறுக்கே திரும்பி, டுப்ளிகேஷன் வீதியால் இறங்கி, மறுபடி பம்பலப்பிட்டி. நாலு சந்தி (க, ச, ட, ப), நாலு அம்பு, எல்லாம் ஒரே சுற்று. எந்த நடுச் சந்தியை அழித்தாலும் வருகிற குறுக்கு வழி படத்தில் இல்லை. ஒரு சுற்று, கணக்கில் சேரும் பாதைகளின் எல்லையாக வந்தால் அடைபட்டது, வராவிட்டால் ஓட்டை. இங்கே உள்ளே நிரப்ப ஒன்றும் கிடைக்காததால் ஓட்டை ஓட்டையாகவே நிற்கிறது.

அதே சதுரத்தில் இரண்டு அம்புகளைத் திருப்பினேன். இப்போது 'க'விலிருந்து 'ட'வுக்கு இரண்டு வழி: 'ச' வழியாக ஒன்று, 'ப' வழியாக ஒன்று. க-ச-ட பாதையின் எல்லையில் அந்த இல்லாத 'கட' வருகிறது. க-ப-ட பாதையிலும் அதே 'கட'தான். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தேன், இல்லாத வீதி வெட்டுப்பட்டே போய்விட்டது! ஓட்டை அடைபட்டது. கதிரையை விட்டு எழும்பிவிட்டேன், பிள்ளை.

நம் ஒழுங்கை மாதிரி இரு பக்கமும் போகிற வீதியும் அப்படித்தான். க-ச-க பாதையில் நடுவை அழித்தால் 'கக', இடமே மாறாததால் அது பூச்சியம். போன வழியே திரும்பி வந்தால் ஓட்டை விழாது.

அம்புத் தலைகளை எடுத்து வெறும் கோடாக்கிவிட்டால் இரண்டு சதுரமும் ஒன்றுதான். திசைக்கு மதிப்புக் கொடுத்ததில்தான் இந்த வித்தியாசம் தெரிகிறது. கிரிகோரியான், லின், முரனோவ், யாவ் என்ற நாலு கணிதவியலாளரும் 2012இல் இதை வெளியிட்டபோது நீ ஓ.எல். பரீட்சை கூட எழுதவில்லை.

அம்புகளுக்கு எண் போட்டு அதே ஓட்டையைத் தேடும் கோஹோமோலஜியையும் தொட்டுப் பார்த்தேன். சுற்றில் ஒவ்வொரு அம்புக்கும் 1 போட்டேன். சந்திகளில் எண்களை வைத்து, அவற்றின் வித்தியாசமாக இந்த 1களைப் பெற முடியுமா? வித்தியாசங்களைச் சுற்றிவரக் கூட்டினால் 0 வர வேண்டும், எனக்கு 4 வருகிறது. முடியாது. ஓட்டை இருக்கிறது என்பதற்கு அந்த 4 சாட்சி.

ஒரு கேள்வி மிச்சம். ஐந்து சந்தி போட்டேன். ஒரு பக்கத்தால் இரண்டு அம்பு, மற்றப் பக்கத்தால் மூன்று அம்பு, போய்ச் சேரும் இடம் ஒன்று. என் கணக்கில் இந்த ஓட்டை அடைபடவில்லை. நீளம் வேறாக இருப்பதாலா, நான் எங்காவது குறியைப் பிழையாகப் போட்டேனா? கொப்பிப் பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். ஞாயிறு எடுக்கும்போது முதலில் அதைச் சொல்லு.

அம்மா
வெள்ளவத்தை