பிசிவி: எந்த முறையில் பார்த்தது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டெங்கு என்றதும் எல்லோரும் பிளேட்லெட் எண்ணிக்கையைத்தான் கேட்கிறார்கள், பத்திரிகைகளும் அதையே எழுதுகின்றன. ஆனால் ரத்தக் குழாயிலிருந்து பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதி, கசிவதைக் காட்டிக்கொடுப்பது பிசிவி. ரத்தத்தில் சிவப்பணுக்கள் பிடித்திருக்கும் இடம் நூற்றுக்கு எவ்வளவு என்ற அளவு அது. பழைய அளவைவிட 20 சதவீதம் ஏறினால் கசிவு என்பது கணக்கு. அதாவது 40 இருந்தது 48 ஆனாலே போதும். 60 ஆக வேண்டியதில்லை.

அந்த எட்டில் இரண்டு மூன்றை ஆய்வகமே விழுங்கிவிடலாம். ஒரு முறை, மெல்லிய கண்ணாடிக் குழாயான கேப்பிலரி டியூபில் ரத்தத்தை எடுத்து, கருவியில் வேகமாகச் சுற்றி, அடியில் படியும் சிவப்பணுக்களின் உயரத்தைப் படிப்பது. டியூப் 75 மி.மீ. நீளம். முக்கால் பாகம் நிரப்பினால் ரத்தம் சுமார் 55 மி.மீ. நிற்கும். படிப்பதில் 1 மி.மீ. பிசகினால் பிசிவி கிட்டத்தட்ட 2 மாறிவிடும். சிவப்புக்கு மேல் மெலிதாக நிற்கும் வெள்ளைப் படலத்தையும் சேர்த்துப் படிப்பதுதான் அடிக்கடி நடக்கிற தவறு. அடியில் பிளாஸ்டிசின் சரியாக அடைக்காவிட்டால் சுற்றும்போது சிவப்பணுக்கள் ஒழுகி அளவு குறையும். 5 நிமிடம் முழுதாகச் சுற்றாவிட்டால் அணுக்கள் நெருங்காமல் அளவு கூடும்.

இன்னொரு முறை செல் கவுண்டர், அதாவது ரத்த அணுக்களைத் தானாக எண்ணும் கருவி. அது எதையும் சுற்றுவதில்லை. பெரும்பாலான கருவிகளில் சிவப்பணுவின் சராசரிப் பருமனையும் (எம்சிவி) எண்ணிக்கையையும் பெருக்கி வருவதுதான் பிசிவி: எம்சிவி 90 ஃபெம்டோலிட்டர், எண்ணிக்கை மைக்ரோலிட்டருக்கு 45 லட்சம் என்றால் 40.5 சதவீதம். சுற்றும்போது அணுக்களுக்கு இடையே சிக்கும் பிளாஸ்மா இதில் சேராது. அதனால் சுற்றிப் பார்த்த அளவு சற்றுக் கூடுதலாகவே இருக்கும். தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாடு உள்ளவர்களுக்கு அந்த இடைவெளி இன்னும் பெரிது. கவுண்டரும் ஏமாறும். சர்க்கரை மிக அதிகமாக இருப்பவரின் அணுக்கள் கருவியின் கரைசலில் ஊதிக்கொள்ளும்; கசிவே இல்லாமல் பிசிவி ஏறிக் காட்டும்.

ரத்தம் உறையாமலிருக்க இடிடிஏ என்ற மருந்து போட்ட 2 மி.லி. டியூபில் அரை மி.லி. ரத்தம் மட்டும் விட்டால் மருந்து மிஞ்சி அணுக்கள் சுருங்கும். சுற்றினால் அளவு குறைவாக வரும். கவுண்டரின் கரைசலில் அவை பெரும்பாலும் மீண்டுவிடுவதால் அங்கே அவ்வளவாகத் தெரியாது. காலையில் ஒரு முறை, மாலையில் வேறு முறை என்று பார்த்து ஒப்பிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதுவே போதும்.

ஆகவே, எந்த முறையில் பார்த்தது என்பதை ரிப்போர்ட்டில் அச்சிடுங்கள் என்று ஆய்வகங்களைக் கேட்டுக்கொள்கிறோம். ஒரு நோயாளிக்குக் கடைசிவரை ஒரே முறைதான். சுற்றுவதானால் இரண்டு டியூபாகச் சுற்றி, இரண்டும் ஒத்துவராவிட்டால் மறுபடி சுற்ற வேண்டும். வார்டில் இருப்பவர்களுக்கும் ஒன்று: டிரிப்ஸ் ஏறுகிற கையில் ரத்தம் எடுக்காதீர்கள். சலைன் கலந்த ரத்தத்தை எந்தக் கருவியில் போட்டாலும் பிசிவி இறங்கித்தான் காட்டும்.

இப்படிக்கு,
ஆய்வக நுட்புநர்கள் சிலர்