அணை நிலத் திட்ட வரைவு: ஞாயிறு மாலை கூட்டம்

அனைவருக்கும் வணக்கம்.

நம் நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள பொது நிலத்தில் எது எங்கே வரலாம் என்ற திட்ட வரைவு வந்துவிட்டது. இதைப் பேச வரும் ஞாயிறு மாலை 5 மணிக்குச் சங்க அரங்கில் கூடுகிறோம். கருத்துகளை எழுத்தில் கொடுக்க அடுத்த வெள்ளி கடைசி நாள்.

1. வரைபடத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். அணை இயக்கத்துக்கான இடம், பொழுதுபோக்குப் பகுதி, காட்டுயிர்ப் பகுதி என்று நிறம் பிரித்திருக்கிறார்கள்.

2. இதுதான் முக்கியம். மழையில்லாத மாதங்களில் வெறும் மண்ணாகத் தெரியும் கரை, அணை நிரம்பினால் தண்ணீருக்குள் போய்விடும். ஆகவே கழிப்பறை, வாகன நிறுத்தம், கூடாரம் போடும் இடம் எல்லாம் முழுக் கொள்ளளவு மட்டத்துக்கு மேலே, கரையிலிருந்து தள்ளி இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் கழிவு நாம் குடிக்கும் தண்ணீரில்தான் கலக்கும்.

3. மோட்டார் படகின் அலை கரையை அரிக்கும். அந்த மண் நீர்த்தேக்கத்துக்குள்ளேயே படியும். படகே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேகத்துக்கும் எல்லைக்கும் கட்டுப்பாடு கேட்கலாம்.

4. மதகு, உபரிநீர் வழி அருகே நீச்சல் கூடாது. இதில் விவாதமே வேண்டாம்.

5. மீன் பிடிப்பவர்கள், நடைப்பயிற்சிக்குப் போகிறவர்கள் தங்கள் வழக்கமான பாதையைக் குறித்துக் கொண்டுவாருங்கள்.

வருபவர்கள் சனிக்கிழமை இரவுக்குள் ‘வருகிறேன்’ என்று எழுதுங்கள். அப்புறம், வெறும் கட்டைவிரல் படம் போட வேண்டாம். படித்ததற்கா வருவதற்கா என்று தெரிவதில்லை.