ஜெனரேட்டர் வைத்திருப்போர் கவனத்துக்கு

உறுப்பினர்களுக்கு வணக்கம். மின்தடை நேரத்தில் சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர் ஓட்டுபவர்கள் இதை முழுவதும் படியுங்கள்.

முதலில் புகை. அதிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமோ மணமோ கிடையாது. வராந்தா, கார் ஷெட், படிக்கட்டின் அடி எதுவுமே கூடாது. கதவைத் திறந்து வைத்தாலும் போதாது. திறந்தவெளியில், கதவு ஜன்னல்களிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகைக்குழாய் வீட்டைப் பார்க்காதபடி வையுங்கள். ஓடும்போது தலைவலி, தலைசுற்றல், குமட்டல் வந்தால் எல்லோரும் உடனே வெளியேறி மருத்துவ உதவி பெறுங்கள்.

இரு முனையிலும் பிளக் மாட்டிய வயரால் சுவர் சாக்கெட்டில் கரன்ட் கொடுப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். அந்த மின்சாரம் மீட்டர் வழியே லைனுக்குத் திரும்பி, டிரான்ஸ்ஃபார்மரில் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயரும். கம்பத்தில் பழுது பார்ப்பவரின் உயிர் போய்விடும். மெயின் ஆஃப் செய்ய ஒருமுறை மறந்தால் போதும். எலக்ட்ரீஷியனை வைத்து, ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து லைனிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போடுங்கள். அதுவரை, தேவையான சாதனங்களைத் தடித்த எக்ஸ்டென்ஷன் வயரில் நேரடியாக இணையுங்கள். வயரைச் சுருட்டிய நிலையில் பயன்படுத்தினால் சூடேறி உருகும்.

150 வாட் ஃபிரிட்ஜ் கிளம்பும் நொடியில் பல மடங்கு இழுக்கும். அதனால் பெரிய மோட்டார் உள்ள சாதனத்தை முதலில் போட்டு, அது சீரானபின் மற்றவற்றை ஒவ்வொன்றாகப் போடுங்கள்.

எஞ்சினை அணைத்து, ஆறிய பிறகே பெட்ரோல் ஊற்றுங்கள். பல மாதம் ஓட்டாமல் வைத்தால் பெட்ரோல் கார்புரேட்டரில் பிசினாகப் படிந்து, பெட்ரோல் வரும் நுண்துளையான ஜெட்டை அடைத்துவிடும். அவசரத்துக்கு ஸ்டார்ட் ஆகாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். எடுத்து வைக்கும் முன் பெட்ரோல் டேப்பை மூடி, தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள்.