பைக் பயணப் பெட்டி: தகட்டைவிடக் கேரியரைக் கவனியுங்கள்

ஆசிரியருக்கு, வணக்கம்.

நெடும்பயணம் போகும் பைக்குகளுக்கு அலுமினியப் பக்கப் பெட்டிகளை உள்ளூர்ப் பட்டறையிலேயே செய்துகொள்ளலாம் என்று தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் பார்த்தேன். கம்பெனிப் பெட்டி ஒரு ஜோடி வாங்கும் காசில் பழைய வண்டி ஒன்றையே வாங்கிவிடலாம் என்ற நிலையில், நல்ல யோசனைதான். ஆனால் முக்கால்வாசி இடம் பெட்டிக்கே போய்விட்டது. அதைச் சுமக்கும் கேரியருக்கு இரண்டே வரி. 3 மி.மீ. தகடு போடச் சொன்னதையும், சாரி கார்டைக் கழற்றி எறியச் சொன்னதையும் நம்பிச் செய்கிறவர்கள் சிரமப்படுவார்கள். இந்த வேலையில் பெட்டி உடைவது அபூர்வம். உடைவது கேரியர்.

முதலில் எடையைப் பார்ப்போம். நீளம் 400, அகலம் 220, உயரம் 380 மி.மீ. உள்ள பெட்டி சுமார் 33 லிட்டர் கொள்ளும். அதன் ஆறு பக்கமும் சேர்ந்து 0.65 சதுர மீட்டர். 1.5 மி.மீ. அலுமினியத் தகடு சதுர மீட்டருக்கு 4 கிலோவுக்குச் சற்று மேல் என்பதால், வெறும் பெட்டி 2.6 கிலோ. அதையே 3 மி.மீ.-இல் செய்தால் 5.2 கிலோ. இரண்டு பெட்டிக்குமாக 5 கிலோவுக்கு மேல் வீண் சுமை, அதுவும் வண்டியின் வால் பக்கத்தில். பெட்டிக்கு விறைப்பு வருவது மடிப்பிலிருந்து. தகட்டின் தடிமனை ஏற்றி அதை வாங்க வேண்டியதில்லை. பஸ் தரைக்குப் போடும் செக்கர் பிளேட்டில் (மேடு மேடாக வரிவிட்ட தகடு) பெட்டி செய்பவர்களும் இருக்கிறார்கள். பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும், அவ்வளவுதான்.

கடையில் ‘அலுமினியத் தகடு’ என்று மட்டும் கேட்டால் பாத்திரத்துக்குப் போகும் மெத்தென்ற தகட்டைக் கொடுத்துவிடுவார்கள். வண்டி ஒருமுறை சாய்ந்தால் பெட்டி நசுங்கிவிடும். 5052 எச்32 என்ற கலவை ரகத்தைக் கேட்டு வாங்க வேண்டும். சில கடைகளில் மெரைன் கிரேடு என்றால்தான் புரியும். 6061 டி6 ரகம் இன்னும் உறுதியானது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சிறிய ஆரத்தில் மடித்தால் வெளிப்பக்கம் விரிசல் விடும். 4-க்கு 8 அடித் தகடு ஒன்றில் இரண்டு பெட்டியும் மூடியும் வந்துவிடும், வெப்பத்தடுப்புக்கும் துண்டு மிஞ்சும். 1.5 மி.மீ.-இல் அந்தத் தகடு 12 கிலோ. விற்பனை கிலோ கணக்கில்தான் என்பதால் அன்றைய விலையால் பெருக்கினால் தகட்டுச் செலவு கையில் வந்துவிடும்.

முன்சுவர், அடிப்பாகம், பின்சுவர் மூன்றையும் ஒரே பட்டையாக வெட்டி இரண்டு இடத்தில் மடிப்பது சுலபமான முறை. மேற்சொன்ன அளவுக்கு அந்தப் பட்டை 1160 மி.மீ. நீளம், அகலம் 220-உடன் இருபுறமும் 20 மி.மீ. உதடு (பக்கத்தகட்டை இணைக்க மடக்கும் ஓரம்) சேர்த்து 260. உள் ஆரம் 3 மி.மீ. வைத்து மடித்தால் ஒவ்வொரு மடிப்புக்கும் சுமார் 3 மி.மீ. கழிக்க வேண்டும். கழிக்காமல் வெட்டிவிட்டுப் பக்கத்தகடு பொருந்தவில்லை என்று சுத்தியலால் தட்டுவது எல்லாப் பட்டறையிலும் நடப்பதுதான். உதட்டு மடிப்பும் மூலை மடிப்பும் சந்திக்கும் இடத்தில் முதலிலேயே 5 மி.மீ. துளை போட்டுவிட்டு உதட்டை அங்கே வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் தகடு அங்குதான் கிழியும். மடிப்புக் கோட்டை ஆணியால் கீறிக் குறிக்கக் கூடாது. மார்க்கரோ பென்சிலோ போதும். அந்தக் கீறல்தான் பிற்பாடு விரிசலின் தொடக்கம். பெட்டியின் கீழ்ப்புற வெளிமூலையைக் கொஞ்சம் சாய்த்து வெட்டிவிட்டால் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் தரையில் உரசாது.

இணைப்புக்கு ரிவெட்டா, ஆர்கான் வெல்டிங்கா என்று கேட்டால், ரிவெட் என்பேன். 1.5 மி.மீ. அலுமினியத்தை வெல்டிங் செய்ய ஏ.சி. வசதியுள்ள ஆர்கான் மெஷினும் பழகிய கையும் வேண்டும். ஸ்டீலுக்கு மட்டும் ஓடும் டி.சி. மெஷின் உதவாது. கை பழகாவிட்டால் தகடு அலை அலையாக முறுக்கிக்கொள்ளும். ரிவெட் என்றால் லடாக் வழியில் பிய்ந்தாலும் டிரில்லும் ரிவெட் கன்னும் இருக்கும் எந்தப் பட்டறையிலும் சரிசெய்யலாம். 4.8 மி.மீ. அலுமினிய ரிவெட், 8 மி.மீ. நீளம், 40 மி.மீ.-க்கு ஒன்று, ஓரத்திலிருந்து 10 மி.மீ. உள்ளே. முனை மூடிய ‘சீல்டு’ ரகமாக இருந்தால் தண்ணீர் வராது. ரிவெட் அடிக்கும் முன் உதட்டின் நீளத்துக்கும் பி.யு. (பாலியூரித்தேன்) சீலன்ட் தடவ வேண்டும். வினிகர் வாடை வரும் மலிவு சிலிகான் வேண்டாம், அது அலுமினியத்தை அரிக்கும். சிலிகான்தான் கையில் இருக்கிறது என்றால் நியூட்ரல் ரகமா என்று பார்த்து வாங்குங்கள்.

மூடிக்கு 20 மி.மீ. இறங்கிய உதடு, உள்ளே டி வடிவ ரப்பர் பீடிங், இரண்டு டாகிள் லாட்ச் (இழுத்து மடக்கிப் பூட்டும் கொக்கி). மூடியில் மூலைக்கு மூலை பெருக்கல் குறி போல லேசாக ஒரு மடிப்புத் தட்டிவிட்டால் டின் கொட்டுவது போன்ற சத்தம் அடங்கும். தண்ணீர் புகுந்தால் எல்லோரும் மூடியைத்தான் திட்டுவார்கள். பெரும்பாலும் அது வருவது பெட்டியைக் கேரியரில் மாட்டப் போட்ட போல்ட் துளைகள் வழியாக. அந்தத் துளைகளிலும் சீலன்ட் வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு: வெயிலில் காய்ந்த பெட்டி மேல் திடீரென மழை அடித்தால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, பீடிங் இடுக்கில் நிற்கும் நீரை உள்ளே இழுக்கும். அதனால் அடியில் ஒரு மூலையில் 3 மி.மீ. துளை விடுவது நல்லது. துணியை நேராக அடுக்கவும் கூடாது. அலுமினியம் உரசி உரசிக் கரும்பொடி விடும், அது துவைத்தாலும் போகாது.

இனி கேரியர். நாற்காலி, கட்டில் செய்யும் 18 கேஜ் பைப் (1.2 மி.மீ.) எல்லா வெல்டிங் பட்டறையிலும் மூலையில் கிடக்கும். அதில்தான் முதலில் ஆசை காட்டுவார்கள். அது ஆகாது. 16 மி.மீ. வெளிவிட்டம், 2 மி.மீ. சுவர் உள்ள எம்.எஸ். (சாதா இரும்பு) உருளைப் பைப் எடுங்கள். மீட்டருக்கு 700 கிராம்தான். இரண்டு பக்கமும் பின் இணைப்பும் சேர்த்துச் சுமார் 5 மீட்டர் ஆகும், மாட்டும் பட்டைகளோடு நான்கு கிலோவைச் சுற்றி நிற்கும். வளைக்கும்போது உலர்ந்த மணலை இறுக நிரப்பி இரு முனையையும் அடைத்து வளைத்தால் பைப் சப்பையாகாது. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப் மிஞ்சிக் கிடக்கிறது என்று அதை வெல்டிங் செய்யாதீர்கள். துத்தநாகப் புகை அன்றிரவே காய்ச்சலைக் கொண்டுவரும்.

விரிசல் எங்கே விடும் என்பதற்கு இரண்டு இடங்களைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். ஒன்று, பைப் முனையைச் சுத்தியலால் தட்டையாக்கி அதிலேயே ஓட்டை போட்டு மாட்டிய இடம். உருளை தட்டையாக மாறும் அந்த விளிம்பில் குலுக்கல் முழுவதும் குவியும். முனையை நசுக்காமல், பைப்பில் வாள் கொண்டு பிளவு போட்டு 5 மி.மீ. இரும்புப் பட்டையைச் சொருகி, இருபுறமும் வெல்டிங் செய்ய வேண்டும். இரண்டாவது, பின் இணைப்பு இல்லாத கேரியர். இடது, வலது இரண்டையும் நம்பர் பிளேட்டுக்குக் கீழே ஒரு குறுக்குப் பைப்பால் இணைக்காவிட்டால் ஒவ்வொன்றும் தன்னிச்சையாக உள்ளும் வெளியும் ஆடும். 10 கிலோ பெட்டி பள்ளத்தில் விழும்போது மூன்று மடங்கு பாரம் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தக் குறுக்குப் பைப்பை மாட்டினால் ஆட்டம் கையால் பிடித்தே தெரியும் அளவுக்குக் குறையும். இதைச் சொல்லாமல் விட்டதுதான் கட்டுரையின் பெரிய குறை.

பிடிமானம் ஒரு பக்கத்துக்குக் குறைந்தது மூன்று இடம்: முன்கீழே பின்இருக்கை ஃபுட்ரெஸ்ட் சேஸிஸில் சேரும் போல்ட், மேலே கைப்பிடிக் கம்பியின் போல்ட், பின்னால் அந்தக் குறுக்குப் பைப். ஃபுட்ரெஸ்ட் தாங்கி வார்ப்பு அலுமினியமாக இருந்தால் அதன் நுனியில் தொங்கவிடாதீர்கள், முறிந்துவிடும். பட்டையின் தடிமன் கூடுவதால் போல்டையும் அதே அளவு நீளமாக, 8.8 என்ற உறுதித் தரத்தில் மாற்ற வேண்டும். பழைய போல்டே பிடிக்கிறது என்று விட்டால் இரண்டு மரைதான் பிடித்திருக்கும். சேஸிஸில் நேரடியாக வெல்டிங் கூடவே கூடாது.

வண்டியில் வைத்து அளவு பார்த்துப் புள்ளி வெல்டிங் மட்டும் போடலாம், பேட்டரியின் இணைப்பைக் கழற்றிய பிறகு. முழு வெல்டிங் மேஜை மேல். கழற்றும் முன் பட்டைகளுக்கிடையே தற்காலிகமாக ஒரு கம்பியைக் குறுக்கே ஒட்டிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வெல்டிங் ஆறும்போது இழுத்து, மறுபடி மாட்டும்போது ஓட்டை 3, 4 மி.மீ. தள்ளி நிற்கும். அதைக் கடப்பாறையால் நெம்பி மாட்டினால் வண்டி கிளம்பும் முன்பே கேரியர் பாதி பாரத்தைச் சுமந்துவிட்டது என்று அர்த்தம். பெயின்ட் அடிக்கும் முன் பைப்பின் தாழ்ந்த இடத்தில் நீர் வடிய ஒரு சிறு துளை.

பெட்டியின் உட்சுவரில் மேலே இரண்டு கொக்கி, கீழே ஒரு எம்8 போல்ட். அந்தப் போல்டை உள்ளிருந்து முடுக்கும்படி வைத்தால் மூடியைப் பூட்டியதும் பெட்டியைத் திருட முடியாது. கொக்கிகளுக்குப் பின்னால் பெட்டிக்குள் 60-க்கு 60 மி.மீ. தாங்குதகடு கட்டாயம். வாஷரை மட்டும் நம்பினால் தகட்டைக் கிழித்துக்கொண்டு வரும். கொக்கி உட்காரும் பைப்பின் மேல் பிளாஸ்டிக் குழாயை நீளவாக்கில் பிளந்து மாட்டுங்கள். ஸ்டெயின்லெஸ் போல்டுக்கும் அலுமினியத்துக்கும் இடையில் நைலான் வாஷர் வையுங்கள், தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்க்காரர்களுக்கு இது மிக அவசியம்; உப்புக்காற்றில் போல்டைச் சுற்றி வெள்ளைப்பொடி பூத்து ஓட்டை பெரிதாகிவிடும். நட்டு எல்லாம் நைலாக் (கழலாதபடி உள்ளே நைலான் வளையம் உள்ளது).

சைலென்சர் பக்கப் பெட்டியை 180 மி.மீ. அகலத்தில் செய்தால் 27 லிட்டர் கிடைக்கும், இரு பக்கமும் ஏறக்குறையச் சம தூரத்தில் நிற்கும். சைலென்சருக்கும் பெட்டிக்கும் 40 மி.மீ. இடைவெளியாவது வேண்டும், நடுவே மிஞ்சிய தகட்டில் ஒரு தடுப்பு. பெட்டியின் முன்விளிம்பு பின்னால் உட்காருபவரின் குதிகாலில் இடிக்காத தூரத்தில் இருக்கட்டும். ஓட்டுபவர் கால் ஊன்றித் தள்ளும்போதும் இடிக்கக் கூடாது. மண்சாலையில் வண்டி சாய்ந்து, கால் பெட்டிக்கு அடியில் மாட்டினால் கணுக்கால் முறியும். கரடுமுரடான வழியிலேயே அதிகம் ஓட்டுபவர்களுக்குத் துணிப்பைதான் என் சிபாரிசு.

சாரி கார்டு விஷயம். மத்திய மோட்டார் வாகன விதி 123-இன்படி பின்சக்கரத்தின் பாதியளவாவது மறைப்பும், பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடியும் இருக்க வேண்டும். அதனால் கழற்றுவதானால், இடது கேரியரின் உட்புறத்தில் கம்பி வலையோ தகடோ வைத்து அந்த மறைப்பை ஈடுகட்டுங்கள். இருக்கைக்குப் பின்னால் வைக்கும் பெட்டிக்கு 2020-இல் மத்திய அரசு அளவு சொல்லியிருக்கிறது: நீளம் 550, அகலம் 510, உயரம் 500 மி.மீ.-க்கு மிகக் கூடாது. பெட்டிகள் இண்டிகேட்டரை மறைத்தால் அதைப் பெட்டிக்குப் பின்னால் நகர்த்த வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு கேரியரும் பெட்டிகளும் பூட்டு, கொக்கியோடு சேர்ந்து 11 கிலோ வரும். வண்டிப் புத்தகத்தில் உள்ள மொத்த எடை வரம்பிலிருந்து வண்டி எடை, இரண்டு ஆட்கள், இந்த 11 கிலோ எல்லாம் கழித்தால் மிஞ்சுவதுதான் சாமான். பல வண்டிகளில் அது ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஒரு பெட்டிக்கு 7, 8 கிலோவுக்கு மேல் வேண்டாம். கனமான டூல்ஸ், டியூப் எல்லாம் அடியில், சேஸிஸை ஒட்டி. பின் ஷாக்கின் பிரீலோடை (ஸ்பிரிங் இறுக்கத்தை) ஏற்றுங்கள், ஹெட்லைட்டைக் கொஞ்சம் இறக்குங்கள். வேகத்தில் ஹேண்டில் மெல்ல ஆடத் தொடங்கினால் பிரேக்கை அழுத்தாமல் வேகத்தைக் குறைத்து, நிறுத்தி, சுமையை மாற்றி அடுக்க வேண்டும்.

முதல் 100 கி.மீ.-இல் எல்லா போல்டையும் ஒருமுறை முடுக்கிப் பாருங்கள், பிறகு 500-இல். பயணத்தில் தினமும் காலையில் வெல்டிங் ஓரங்களைத் துணியால் துடைத்துப் பாருங்கள். பெயின்டில் மயிரிழை போலத் துருக்கோடு தெரிந்தால் அது விரிசல். அடுத்த ஊரில் கேரியரைக் கழற்றி, விரிசலின் நுனியில் 3 மி.மீ. துளை போட்டு, மேலே முக்கோணப் பட்டை வைத்து வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். கோட்டின் மேல் மட்டும் வெல்டிங் ஓட்டினால் பக்கத்திலேயே மறுபடியும் விடும்.

இப்படிக்கு,
தகட்டு வேலைப் பட்டறை வாசகர்,
கணபதி, கோயம்புத்தூர்.