கல்லமேட்டு எலும்பு மறுபடியும் பொடியாகக் கூடாது

அரியலூர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், புவியியல் மற்றும் சுரங்கத் துறை அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

நம் மாவட்டத்துக் கல்லமேட்டில் எடுத்த எலும்புகளுக்குப் புவியியலாளர்கள் யாதகிரியும் அய்யாசாமியும் 1987-இல் ‘புருகத்காயோசாரஸ் மாட்லியி’ என்று பெயர் சூட்டினார்கள். ராட்சத ஊனுண்ணி டைனோசர் என்றுதான் அப்போது வகைப்படுத்தினார்கள். கால் எலும்பு ஒன்றே 2 மீட்டர் நீளம்! 1995-இல் தொல்லுயிரியலாளர் சங்கர் சாட்டர்ஜி, இது நீள்கழுத்துத் தாவர உண்ணி என்றார். எலும்பே இல்லை, கல்லாக மாறிய மரமாக, கல்மரமாக இருக்கும் என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. பக்கத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் கல்மரம் கிடக்கும்போது அந்தச் சந்தேகம் வருவது இயல்பே. ஒரு சிறு துண்டை மெல்லியதாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் எலும்பா மரமா என்று தெரிந்துவிடும். ஆனால் அறுக்க ஒன்றுமில்லை. நிலத்திலேயே உதிரத் தொடங்கிய எலும்புகள் கொண்டுபோகும் வழியிலேயே பொடிந்து போயின. மிஞ்சியவை சில படங்கள்தாம்.

குஜராத்தின் ரையோலியில் நடந்தது வேறு. அங்கே 1982 முதல் 1984 வரை புவியியலாளர் சுரேஷ் ஸ்ரீவாஸ்தவா எலும்புகளைத் தோண்டியபோது ஒவ்வொன்றும் கிடந்த இடத்தை வரைபடத்தில் குறித்து வைத்தார். ஏறத்தாழ இருபது ஆண்டு கழித்து அந்த வரைபடத்தைக் கொண்டே மண்டையோட்டின் பின்பகுதி, இடுப்பு, கால், வால் எல்லாம் ஒரே விலங்கினுடையவை என்று பொருத்தினார்கள். 2003-இல் உலகுக்குத் தெரியவந்த ராஜாசாரஸ் நர்மதென்சிஸ், நெற்றியில் ஒற்றைக் குறுங்கொம்புள்ள அந்த ஊனுண்ணி, அப்படித்தான் நமக்குக் கிடைத்தது.

கல்லமேட்டு மண்ணிலும் ஊனுண்ணிகள் உண்டு. அங்கிருந்து கிடைத்த ட்ரூடான்டிட் (பறவை போன்ற சிறு டைனோசர்) வகைப் பல் ஒன்றைப் பற்றி 2013-இல் கட்டுரை வெளிவந்தது. இனியும் குளம் வெட்டும்போதோ ஓடைக் கரை சரியும்போதோ எலும்பு தலைகாட்டும். அன்றைக்குச் செய்ய வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் பொக்லைனை நிறுத்துங்கள். எலும்பைப் பிடித்து இழுக்கவே கூடாது. தண்ணீர் ஊற்றிக் கழுவவும் வேண்டாம்: களிமண் ஊறினால் பருக்கும், காய்ந்தால் சுருங்கும், விரிசல் விட்ட எலும்பு அந்த இரண்டுக்கும் நடுவில் சில்லாகிவிடும். அளவுகோலை அருகில் வைத்துச் சுற்றிவந்து, ஒன்றோடொன்று பாதிக்கு மேல் படியும்படி நாற்பது ஐம்பது படங்கள் எடுங்கள். ஒரு மீட்டர் சதுரங்களாகக் கயிறு கட்டி, வடக்கைக் குறித்து வரையுங்கள். சுற்றியுள்ள மண்ணையும் மூட்டை கட்டி வையுங்கள். சிறு பற்கள் சலிக்கும்போதுதான் அகப்படும்.

எலும்பின் மேல்புறத்தை மட்டும் தூரிகையால் திறந்து, அசிட்டோனில் 5 விழுக்காடு கரைத்த பாரலாய்டு பி-72 பிசினைச் சொட்டுச் சொட்டாக ஊட்ட வேண்டும். கெட்டியாகக் கரைத்தால் உள்ளே இறங்காமல் மேலே தோலாக நிற்கும். ஈர எலும்பில் இதை ஊற்றினால் வெள்ளை பூத்துவிடும், நிழலில் உலரவிட்ட பிறகே ஊற்ற வேண்டும்.

பிறகு ஈரத் தாளை மூன்று அடுக்கு ஒட்டுங்கள். அவசரத்தில் விட்டுப்போவது பெரும்பாலும் இதுதான். தாள் இல்லையென்றால் பிளாஸ்டர் எலும்போடு ஒட்டி, பின்னால் பிரிக்கும்போது எலும்பின் மேல்தோலையே உரித்துக்கொண்டு வரும். அதன்மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் தோய்த்த சாக்குப் பட்டைகள், நான்கு அடுக்கு. பழைய நெல்மூட்டைச் சணல் சாக்குதான் வேண்டும். சிமென்ட் சாக்கும் உரச் சாக்கும் பிளாஸ்டிக் இழை, பிளாஸ்டர் பிடிக்காது. சாக்கை முன்பே நனைத்துப் பிழியாவிட்டால் பிளாஸ்டரின் நீரை அதுவே குடித்துவிடும். நீளமான எலும்புக்கு இருபுறமும் மூங்கில் வைத்துக் கட்டுங்கள்.

நன்றாக இறுகிய பிறகே அடிமண்ணைக் குடைய வேண்டும். 2 மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலமும் உயரமும் உள்ள பிளாஸ்டர் கட்டு, உள்ளே இருக்கும் எலும்பும் மண்ணும் சேர்த்து, ஒரு டன்னைத் தாண்டும். அதை ஆட்கள் தூக்க முயன்றால் நடுவில் முறியும். மாவட்டத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் கிரேன் இருக்கிறது. கேட்டவுடன் அனுப்பும்படி நிரந்தர ஆணை ஒன்று வேண்டும்.

இன்னொன்றும் கேட்கிறோம். வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்தில் பிளாஸ்டர் 100 கிலோ, சணல் சாக்கு, பாரலாய்டு 1 கிலோ, அசிட்டோன் 20 லிட்டர் எப்போதும் தயாராக இருக்கட்டும். அசிட்டோன் எளிதில் தீப்பற்றும், அதை மட்டும் காட்சிக்கூடத்துக்கு வெளியே தனி அறையில் பூட்டி வையுங்கள். மழைக்காலத்து ஈரத்தில் கிடந்த பிளாஸ்டர் இறுகாது. அதை ஆண்டுதோறும் தை மாதத்தில் மாற்றுங்கள்.

இப்படிக்கு,
புதைபடிவக் களப்பணியாளர்கள்