டெற்றோல் எவ்வளவு வாங்க வேணும்?

ஸ்காபரோ
தை 24

அன்புள்ள சிநேகிதிக்கு,

உன் கடிதம் பொங்கலுக்கு முதல் நாள் கிடைத்தது. பதில் பிந்திவிட்டது, கோபிக்காதே. எங்கள் முதியோர் இல்லத்தின் மூன்றாம் மாடியில் இன்புளுவன்சா. அடுத்தடுத்த அறைகளில் இரண்டு பேர் ஒரே நாளில் இருமத் தொடங்க, மூக்கில் சுவாப் எடுத்து அனுப்பினேன். முடிவு வந்ததும் அந்த மாடியில் வருத்தம் இல்லாதவர்களுக்கும் டமிஃப்ளூ என்ற இன்புளுவன்சா மருந்தைத் தொடங்கினோம். பொங்கலை நிறுத்தச் சொன்னதும் நான்தான். அங்கேயுள்ள தமிழ் அம்மாமார் இன்னும் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கிறார்கள் இல்லை.

பென்சன் எடுத்த கையோடு முதியோர் இல்லத்தில் தொற்றுக் கட்டுப்பாட்டைப் பொறுப்பெடுக்கலாமோ என்று கேட்டிருக்கிறாய். கட்டாயம் போ. ஆனால் "டெற்றோல் எவ்வளவு வாங்க வேணும்?" என்று கேட்டாயே, அதை வாசித்துச் சிரித்துவிட்டேன். நானும் முதல் மாதம் போத்தல்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

இங்கே ஒன்ராறியோவில் 2022 முதல் ஒவ்வொரு நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்திலும் இந்த வேலைக்கு ஒருவர் இருக்கவேண்டும் என்பது சட்டம். எழுபதிலிருந்து 199 கட்டில் வரை இருந்தால் கிழமைக்கு 26.25 மணித்தியாலம். அந்தக் கால் மணித்தியாலத்துக்குள் என்ன செய்யச் சொல்கிறார்களோ! இந்தச் சட்டம் வருவதற்கு முன் நடந்தது உனக்குத் தெரியும். முதல் அலையில் கனடாவில் கொரோனாவால் செத்தவர்களில் ஏறக்குறைய 80 வீதம் இப்படியான இல்லங்களில் இருந்தவர்கள். ஒரே அறையில் திரைச்சீலையை இழுத்துவிட்டு நாலு பேர், நாலு பேருக்கும் ஒரு கக்கூஸ். அதில் டெற்றோல் என்ன செய்யும்?

வேலையில் பாதி, "வேண்டாம்" என்று சொல்வது. போன கிழமை ஒரு மகள் வந்து நின்றா. "அம்மாவுக்குச் சலம் மணக்குது, ஆள் கொஞ்சம் தடுமாறுறா. அன்ரிபயோட்டிக் குடுங்கோ." நாங்கள் வாட்டில் வேலை செய்த காலத்தில் உடனே சலம் எடுத்து அனுப்பியிருப்போம், இல்லையா? இப்போது அனுப்ப விடமாட்டேன். இப்படியான இல்லங்களில் இருக்கும் பெண்களில் கால்வாசியிலிருந்து அரைவாசிப் பேருக்கு, ஒரு வருத்தமும் இல்லாமலே சலத்தில் கிருமி இருக்கும். சோதித்தால் கிருமி வரும், வந்தால் மருந்து கொடுக்கச் சொல்வார்கள், மருந்து குடலைக் குழப்பி, சி. டிஃப் என்ற குடல் கிருமியின் வயிற்றோட்டத்தில் கொண்டுபோய் விடும். அந்தக் கிருமியின் வித்துகள் கையில் தேய்க்கும் அற்ககோலுக்குச் சாகாது, சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் வேண்டும். காய்ச்சல் இருக்கிறதா, சலம் போகும்போது புதிதாக எரிகிறதா என்று பார்த்தேன். இரண்டும் இல்லை. மூன்று நாளாக மலம் போகவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை. அதைக் கவனித்ததும் ஆள் தெளிந்துவிட்டா. மகளுக்கு இன்னும் என்னில் நம்பிக்கை வரவில்லை.

கிளவ்ஸ் இன்னொரு தலையிடி. போட்டால் தங்களுக்குச் சுத்தம் என்று நினைத்து, ஒரே சோடியோடு ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குப் போகிறார்கள். கழட்டச் சொல்லியே என் தொண்டை வற்றுகிறது.

ஆனால் எனக்கு நித்திரை வராமல் செய்தது வேறு. பருத்தித்துறைப் பக்கத்து ஆச்சி ஒருவ இருக்கிறா. தெரிந்த இங்கிலீசையும் மறந்துபோனா. பின்னேரமானால் மாட்டைக் கட்டவேணும் என்று தாழ்வாரம் முழுக்க நடப்பா. அவவுக்கும் இன்புளுவன்சா. அறைக்குள் இருக்கவேண்டும் என்பது விதி. கதவைப் பூட்டலாமா? பூட்டினால் இரண்டு நாளில் சாப்பாட்டை விட்டுவிடுவா, 2020இல் அதையும் கண்டோம். வழி சொன்னது நான் இல்லை, அவவைக் குளிப்பாட்டும் பிலிப்பைன்ஸ் பிள்ளை. மற்றவர்கள் சாப்பாட்டுக்கு அறைக்குள் போனபிறகு, ஆச்சியின் கையைக் கழுவி, தன்னோடு கூட்டிக்கொண்டு நடந்தாள். இன்னொருவர் பின்னால் கைபிடிக் கம்பியைத் துடைத்துக்கொண்டே போனார். ஒரு நாளைக்கு இரண்டு தரம், ஐந்து நாள். ஆச்சியிடமிருந்து வேறொருவருக்கும் தொற்றவில்லை. அதிர்ஷ்டமும் இருந்திருக்கலாம், மறுக்கமாட்டேன்.

நீ போனதும் ஒன்றும் வாங்காதே. ஒரு முழு நாள் கதிரை போட்டு இரு. கட்டிலிலிருந்து குழாய்க்கு எத்தனை அடி, குழாயடியில் சவர்க்காரம் இருக்கிறதா, ஈரத்துவாய் எங்கே காய்கிறது என்று பார். சீனி பார்க்க விரலில் குத்தும் பேனாவை ஆளுக்காள் மாற்றுகிறார்களா, சவர அலகும் அப்படியா என்று கேள். பி, சி வகை ஈரல் அழற்சி அப்படியும் பரவும். இரண்டு கிழமைக்கு மேல் இருமுகிறவர் இருந்தால், காசநோயோ என்று பார்க்கச் சளிப் பரிசோதனைக்கு அனுப்பு. சமையல் அக்காவோடும் உடுப்புத் தோய்ப்பவரோடும் தேத்தண்ணி குடி. யாருக்கு வயிற்றால் போகிறது என்று டொக்டருக்கு முதல் அவர்களுக்குத் தெரியும்.

நாளைக்குப் புதிதாக ஒருவருக்கும் இருமல் இல்லையென்றால், இன்னும் இரண்டொரு நாளில் பொதுச் சுகாதாரப் பகுதி மாடியைத் திறந்துவிடும். பொங்கலை மாசியில் வைக்கலாமோ என்று ஒரு அம்மா ஆள்விட்டுக் கேட்டிருக்கிறா. குழாய் எத்தனை அடி என்று அளந்து எழுது.

உன் சிநேகிதி