ஆமைக்குஞ்சுகள் கடலுக்குப் போய்ச் சேர்ந்தனவா? – ஒரு முழு நாள் சிறப்பு ஒளிபரப்பு பற்றிய புகார்

அனுப்புநர்:
தங்கள் சேனலின் சந்தாதாரர்,
9 வயது மகளுக்கும் 5 வயது மகனுக்கும் தாய்.

பெறுநர்:
நிகழ்ச்சிப் பிரிவுத் தலைவர் அவர்கள்
(பார்வையாளர் குறைதீர்ப்புப் பிரிவு வழியாக)

பொருள்: கடந்த ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளுக்கும் குடும்பத்துக்கும் என்று ஒளிபரப்பான ஒரு நாள் சிறப்பு நிகழ்ச்சிகளில், சொல்லாமல் நேரம் மாற்றியது, ஆவணப்படத்தைப் பாதியில் நிறுத்தியது, வசன வரிகள் வராமல் போனது, பயமுறுத்தும் முன்னோட்டத்தைக் காட்டியது குறித்து.

ஐயா / அம்மா,

வணக்கம். ஞாயிறு இரவே இந்தக் கடிதத்தை ஒரு முறை எழுதினேன். முழுக்கக் கோபமாக இருந்ததால் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, நான்கு நாள் பொறுத்து, நிதானமாக மறுபடி எழுதுகிறேன்.

இரண்டு வாரமாக உங்கள் சேனலில் அந்த விளம்பரம் வந்துகொண்டே இருந்தது. காலை 7 மணி முதல் இரவு 9 மணி வரை குழந்தைகளுக்கும் குடும்பத்துக்கும் மட்டுமே நிகழ்ச்சிகள், எல்லாமே வசன வரிகளுடன், இன்ன நேரத்தில் இன்ன நிகழ்ச்சி என்று முழு அட்டவணையும் காட்டினீர்கள். என் மகள் அதை ஒரு சார்ட் பேப்பரில் எழுதி வைத்தாள். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு வண்ணம், பக்கத்தில் டிக் போட ஒரு கட்டம். அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்கும் திறன் குறைவு. கருவி மாட்டியிருக்கிறாள். நேரில் உட்கார்ந்து பேசினால் உதட்டைப் பார்த்துப் பெரும்பாலும் புரிந்துகொள்வாள். தொலைக்காட்சியில் பின்னணி இசையும் பேச்சும் கலந்து வரும்போது கருவி பெரிதாக உதவாது. திரையின் அடியில் எழுத்து வந்தால்தான் அவளும் எங்களோடு சேர்ந்து பார்க்கிறாள் என்று அர்த்தம். அதனால் ‘வசன வரிகளுடன்’ என்ற அந்த ஒரு சொல்லின் கீழ் மட்டும் சிவப்பில் இரண்டு கோடு போட்டிருந்தாள்.

நன்றாக இருந்ததையும் சொல்லிவிடுகிறேன். காலை 7 மணி பொம்மலாட்டம் அருமை. நூல் கட்டிய பொம்மைகளை இயக்கியவர்களின் கைகளையே கடைசியில் காட்டியது என் மகனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அன்று முழுக்க ஒரு பழைய சாக்ஸைக் கையில் மாட்டிக்கொண்டு திரிந்தான். நிகழ்ச்சிகளுக்கு நடுவே குழந்தைகளே அறிவிப்பாளர்களாக வந்தது இன்னும் நல்ல யோசனை. யுனிசெஃப் 1990-களின் தொடக்கத்தில் குழந்தைகளுக்கான சர்வதேச ஒளிபரப்பு நாளைக் கொண்டுவந்தபோதும் இதைத்தான் நினைத்தது: குழந்தைகள் பார்த்தால் மட்டும் போதாது, மைக்கின் முன்னாலும் வர வேண்டும். அந்தச் சிறுமி ஒருத்தி வாய் குழறி, சிரித்து, மறுபடி ஆரம்பித்ததை நீங்கள் வெட்டாமல் விட்டிருந்தீர்கள். உங்களிடம் இந்த வேலையை நேசிப்பவர்கள் இருக்கிறார்கள் என்று அப்போது தெரிந்தது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதல் இரண்டு நிகழ்ச்சிக்கு வசன வரிகள் சரியாக வந்தன. மூன்றாவதில் பேச்சுக்குப் பின்னால் ஏழெட்டு வினாடி தள்ளி வந்தன. பத்தரை மணிக்கு அறிவியல் நிகழ்ச்சி தொடங்கியபோது சுத்தமாக நின்றுவிட்டன. அதற்கப்புறம் இரவு வரை வரவே இல்லை. ரிமோட்டில் இருக்கிற எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பார்த்தோம். பெட்டியை அணைத்துப் போட்டோம். மற்ற சேனல்களில் வருகிறது, உங்களுடையதில் இல்லை.

அந்த அறிவியல் நிகழ்ச்சிக்காக அவள் முதல் நாளே தயாராக இருந்தாள். ஊசித்துளைப் பெட்டி செய்வது எப்படி என்று காட்டப்போவதாக நீங்கள் சொன்னதால், காலணி வாங்கிய அட்டைப்பெட்டி, கறுப்புத் தாள், எண்ணெய்த் தாள் எல்லாம் எடுத்து வைத்திருந்தாள். செய்முறையைக் கண்ணால் பார்த்தே செய்துவிட்டாள். ஜன்னல் பக்கம் திருப்பினால் வெளியே இருந்த மரம் தாளில் தலைகீழாக விழுந்தது. ஏன் தலைகீழாக விழுகிறது என்று நிகழ்ச்சி நடத்தியவர் விளக்கிக்கொண்டிருந்தார். அவர் முகம் கேமராவுக்குப் பக்கவாட்டில் இருந்ததால் உதட்டையும் படிக்க முடியவில்லை. அவள் தம்பியின் தோளைத் தட்டி, “என்ன சொல்றாங்க?” என்று கேட்டாள். அவன் ஐந்து வயசுக்காரன். “வெளிச்சம் வளையாதாம், நேராத்தான் போகுமாம், மேலே இருக்கறது கீழே போயிடுமாம்” என்று அவள் முகத்துக்கு நேராக நின்று கத்திச் சொன்னான். சரியாகத்தான் சொன்னான். மரத்தின் உச்சியிலிருந்து புறப்படும் ஒளி அந்தச் சின்ன ஓட்டை வழியே நேர்கோட்டில் நுழைந்து தாளின் அடிப்பக்கம்தான் போய்ச் சேரும். ஆனால் அவன் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த விளக்கம் போய்விட்டது. மூன்றாவது தடவைக்கு மேல் அவள் அவனிடம் கேட்கவில்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சும்மா படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் பல வருடம் வானொலியில் நிகழ்ச்சி அறிவிப்பாளராக இருந்தவள். கோளாறு வரும் என்பது எனக்குத் தெரியும். வசன வரிகள் பெரும்பாலும் படத்தோடு ஒட்டியிருப்பதில்லை, தனிக் கோப்பாக வருகின்றன. வரிசையை அவசரமாக மாற்றினால் படம் ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று ஆகிவிடும் என்பதையும் புரிந்துகொள்கிறேன். எனக்குப் புரியாதது, பத்தரை மணியிலிருந்து இரவு ஒன்பது வரை உங்கள் கட்டுப்பாட்டு அறையில் ஒருவர்கூடத் திரையின் அடிப்பகுதியைப் பார்க்கவில்லையா என்பது. சத்தம் நின்றுபோயிருந்தால் பத்தரை மணி நேரம் விட்டு வைத்திருப்பீர்களா? என் மகளுக்கு அன்று நின்றுபோனது சத்தம்தான்.

அடுத்தது முன்னோட்டம். காலை ஒன்பது மணிக்கு மிகச் சிறிய குழந்தைகளுக்கான கார்ட்டூன். அதன் முதல் இடைவேளையிலேயே உங்கள் இரவு நேரத் தொடரின் முன்னோட்டம் வந்தது. இருட்டு, கத்தி, ஒரு பெண்ணின் அலறல், வெள்ளையும் சிவப்புமாக மாறி மாறி மின்னும் திரை. இருபது வினாடிதான். கையில் சாக்ஸ் பொம்மையோடு நின்றுகொண்டிருந்த என் மகன் அப்படியே சோபாவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டான். அதையே மதியம் இன்னொரு முறையும் போட்டீர்கள். இன்று வரை அவன் தனியாகக் குளியலறைக்குப் போவதில்லை, யாராவது கதவோரம் நின்று பேசிக்கொண்டே இருக்க வேண்டும்.

இது வெறும் விளம்பரம், நிகழ்ச்சி இல்லை என்று உங்கள் வாடிக்கையாளர் சேவையில் பேசியவர் சொன்னார். அந்தப் பிரிவினை பெரியவர்களுக்குத்தான் தெரியும். நான்கைந்து வயதுப் பிள்ளைகளுக்கு நிகழ்ச்சி எங்கே முடிந்து விளம்பரம் எங்கே தொடங்குகிறது என்பதே சரியாகப் பிடிபடாது. எட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு விளம்பரத்தின் நோக்கத்தை விளங்கிக்கொள்ளும் பக்குவம் இல்லை என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் குழு 2004-லேயே அறிக்கை கொடுத்திருக்கிறது. என் மகனைப் பொறுத்தவரை, கார்ட்டூனில் இருந்த முயல்குட்டியின் வீட்டுக்குள்தான் கத்தியோடு ஒரு ஆள் வந்தான். முயலுக்கு என்ன ஆச்சு என்று என்னிடம் இரண்டு நாள் கேட்டான்.

மின்னும் திரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ஒரு கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் வேகமாக மாறி மின்னிய சில வினாடிகளைப் பார்த்து, 600-க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பெரும்பாலோர் குழந்தைகள். ஒரு வினாடிக்கு மூன்று மின்னலுக்கு மேல் வரக் கூடாது என்ற வரம்பு ஒளிபரப்பில் வேலை செய்கிற எல்லோருக்கும் தெரிந்ததுதான். உங்கள் முன்னோட்டம் அந்தச் சோதனையைத் தாண்டியதா என்று பார்த்துச் சொல்லுங்கள். விளம்பரம் வந்தவுடன் ஒலி எகிறுவதையும் கவனியுங்கள். ஒலி அளவைச் சீராக வைப்பதற்கான ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியத்தின் பரிந்துரை 2010-லேயே வந்துவிட்டது. காதுக்கருவி மாட்டிய குழந்தைக்கு அந்தத் திடீர்ச் சத்தம் வலிக்கும்.

இனி, நான் எழுத உட்கார்ந்ததற்கு உண்மையான காரணம். கடலாமைகள் பற்றிய ஆவணப்படம். அட்டவணையில் 12 மணி. என் மகள் டிக் போட மிகவும் காத்திருந்த கட்டம் அதுதான், பச்சை வண்ணத்தில். 12 மணிக்கு வந்தது ஒரு பட விளம்பர நேர்காணல். நேரலை. பெரியவர்கள் பெரியவர்களிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். திரையின் கீழே ஒரு வரி ஓடவிட்டு ‘ஆமைகள் இத்தனை மணிக்கு’ என்று சொல்லியிருக்கலாம். ஒன்றும் இல்லை. பிள்ளைகள் இரண்டு பேரும் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை, போய்விட்டு வருவதற்குள் தொடங்கிவிட்டால் என்ன செய்வது என்று. 12.50-க்குத் தொடங்கியது.

படம் அவ்வளவு அழகு. வசன வரி இல்லாவிட்டாலும் படமே பேசியது. தாய் ஆமை துடுப்புக் கால்களால் மணலைத் தோண்டி, நூறு முட்டை போல இட்டு, மூடிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கடலுக்குப் போகிறது. மணலின் சூட்டைப் பொறுத்துத்தான் குஞ்சு ஆணா பெண்ணா என்பது அமையும், சூடு அதிகமானால் பெண் என்பதை நான் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். அவள் கண் விரிந்தது. வாரங்கள் கழித்து ஓர் இரவு மணல் அசைகிறது. குஞ்சுகள் வெளியே வருகின்றன. கடலின் மேல் இருக்கும் வெளிச்சத்தை வைத்துத்தான் அவை திசை கண்டுபிடிக்கும். கரையில் விளக்குகள் எரிந்தால் குழம்பி எதிர்ப்பக்கம் போய்விடும். அந்தப் படத்திலும் ஒரு கூட்டம் குழம்பி விளக்கை நோக்கித் திரும்பியது. யாரோ விளக்கை அணைக்க ஓடினார்கள்.

அந்த இடத்தில் நிறுத்திவிட்டீர்கள்.

சட்டென்று ஒரு விளம்பரம், இன்னொரு விளம்பரம், அப்புறம் 1.30 மணி நிகழ்ச்சி. தள்ளிப்போன நேரத்தைச் சரிக்கட்ட ஆவணப்படத்தின் வாலை வெட்டியிருக்கிறீர்கள். 12 மணியிலிருந்து ஒன்றரை வரை, விளம்பரத்தோடு சேர்த்து 90 நிமிடம் ஓட வேண்டிய படத்துக்கு 40 நிமிடம்தான் கிடைத்தது. “குஞ்சுங்க கடலுக்குப் போச்சா, இல்லையாம்மா?” என்று இருவரும் என்னையே பார்த்தார்கள். போயிருக்கும் என்றேன். “உனக்கு எப்படித் தெரியும்?” என்றாள் மகள். எனக்குத் தெரியாது. நானும் பார்க்கவில்லையே.

நேரலை நீண்டுபோனால் என்ன செய்வது என்று வானொலியில் எங்களுக்கு முதல் மாதமே சொல்லிக் கொடுத்தார்கள். இடையில் போட வைத்திருக்கும் ஃபில்லரைத் தூக்கு, நம் சொந்த விளம்பரத்தைத் தூக்கு, அதுவும் போதாவிட்டால் அடுத்த நிகழ்ச்சியைத் தள்ளிவை, தள்ளி வைத்ததை நேயருக்குச் சொல். முடிவு இருக்கிற நிகழ்ச்சியின் முடிவில் கை வைக்காதே. அன்று உங்கள் கத்தரிக்கோல் எடுத்தவர் எவரோ, அவர் முன்னால் இருந்தது நிமிடக் கணக்கு மட்டும்தான். அதில் எந்த நிமிடத்துக்காகக் குழந்தைகள் உட்கார்ந்திருந்தார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அதைத் தெரிந்தவர் ஒருவர் அந்த அறையில் இருந்திருக்க வேண்டும்.

மாலை 6 மணிக்கு என்று சொன்ன குடும்பப் படம் 7.25-க்குத் தொடங்கியது. மகன் பாதியில் தூங்கிவிட்டான். அதைப் பெரிதாக்கவில்லை.

திங்கட்கிழமை உங்கள் எண்ணுக்கு இரண்டு முறை பேசினேன். முதல் முறை, செட்டாப் பாக்ஸைப் பழுதுபார்க்கச் சொன்னார்கள். இரண்டாம் முறை, ‘நிகழ்ச்சி நேரங்கள் மாறுதலுக்கு உட்பட்டவை’ என்று விதியைப் படித்தார்கள். மறுநாள் ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்தது. என்ன தீர்ந்தது என்று தெரியவில்லை. 1989 நவம்பர் 20-ல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 17-வது பிரிவு, குழந்தைக்குப் பயன்படும் விஷயங்களை ஊடகங்கள் கொடுக்க வேண்டும், கெடுதல் செய்வதிலிருந்து அவர்களைக் காக்க வழிமுறைகள் வேண்டும் என்கிறது. உங்கள் விளம்பரத்திலேயே அந்த உடன்படிக்கையின் பெயரைச் சொன்னீர்கள். அப்படிச் சொன்ன நிறுவனம் மாறுதலுக்கு உட்பட்டவை என்ற வரியின் பின்னால் போய் நிற்கலாமா?

எனக்குச் சந்தாப் பணம் திரும்ப வேண்டாம். அந்த ஆவணப்படத்தை முதலிலிருந்து கடைசி வரை, வசன வரிகளோடு, பிள்ளைகள் விழித்திருக்கும் நேரத்தில் மறுபடி ஒளிபரப்புங்கள். எந்த நாள், எத்தனை மணி என்று குறைந்தது ஒரு வாரம் முன்னால் சொல்லுங்கள், சொன்னபின் மாற்றாதீர்கள். அதை அந்தக் குழந்தை அறிவிப்பாளர்களில் ஒருவரே வந்து, “அன்னைக்குப் பாதியில நின்னுபோச்சு, மன்னிச்சிடுங்க” என்று மற்ற குழந்தைகளிடம் சொன்னால் நன்றாக இருக்கும். இரவுத் தொடர்களின் முன்னோட்டத்தைப் பகல் நேரக் குழந்தை நிகழ்ச்சிகளிலிருந்து இந்த வாரமே எடுத்துவிடுங்கள். இதற்குக் கூட்டம் போட்டு முடிவெடுக்கத் தேவையில்லை. அடுத்த சிறப்பு நாள் அன்று வசன வரிகளைக் கவனிக்க ஓர் ஆளை உட்கார வையுங்கள். பதில் எழுதும்போது தயாராக வைத்திருக்கும் நன்றி மடலை அனுப்ப வேண்டாம். இதைப் படித்த ஒருவர் தன் வார்த்தையில் நான்கு வரி எழுதினால் போதும்.

சார்ட் பேப்பர் இன்னும் சுவரில்தான் இருக்கிறது. மற்ற கட்டங்களில் டிக்கோ பெருக்கல் குறியோ போட்டுவிட்டாள். பச்சைக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டு, பக்கத்தில் பென்சிலால் ‘மீதி எப்போது?’ என்று எழுதியிருக்கிறாள். நீங்கள் தேதி சொன்னதும் அதை அழித்துவிட்டு எழுதிக்கொள்வாளாம்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்க்கும்
ஒரு பார்வையாளர்